செருப்பு கழன்றதுகூடத் தெரியாத கால்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒருவர் நடந்து போகிறார். ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது. யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் அவருக்குத் தெரிகிறது. சர்க்கரை உள்ளவருக்கு இப்படி நடந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. பாதத்தில் சுரணை குறைந்துவிட்டது என்பதற்கு இது ஒரு தெளிவான அடையாளம்.

உடம்பிலேயே மிக நீளமான நரம்பு இழைகள் பாதத்துக்குப் போகின்றவைதான். இடுப்புப் பகுதியில் முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் நரம்புச் செல்லிலிருந்து கால்விரல் நுனிவரை ஏறக்குறைய 1 மீட்டர். நுனிக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி அந்தச் செல்லில் உருவாகி, இழைக்குள்ளேயே ஊர்ந்து வந்து சேர வேண்டும். சர்க்கரை வருடக்கணக்கில் மிகுந்திருந்தால் இழையும் கெடுகிறது, அதற்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் கெடுகின்றன. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதைப் போல, விரல் நுனி முதலில் மரத்துப்போகிறது. பிறகு சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. சிலருக்கு ராத்திரியில் எரிச்சலும் ஊசி குத்தலும் இருக்கும். பலருக்கு ஒன்றுமே இருக்காது. மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் மதமதப்பு கூடலாம் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

சுரணை போனதும் புண் வந்துவிடுவதில்லை. பாதத்தின் சின்னத் தசைகளுக்குப் போகும் நரம்பும் கெட்டு, விரல்கள் பருந்தின் நகம்போல் வளைகின்றன. விரல்களின் அடியில் இருக்கும் எலும்பு முனைகள் கீழே துருத்துகின்றன. வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. துருத்திய இடத்தில் ஒவ்வொரு அடியிலும் அழுத்தம் விழ, தோல் காய்ப்புப் பிடிக்கிறது. அந்தக் காய்ப்பு செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி உள்சதையை நசுக்கிக்கொண்டே இருக்கும். அடியில் ரத்தம் கசிந்து, குழி விழுந்து, ஒருநாள் மேல்தோல் திறக்கும்போதுதான் புண் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவர் என்றால் வலி தாங்காமல் நொண்டியாவது நடந்திருப்பார். இவர் அதே இடத்தை ஊன்றி ஆயிரக்கணக்கான அடிகள் வைத்திருப்பார்.

1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் பால் பிராண்ட் கண்டதும் இதைத்தான். கிருமி சதையை அரிப்பதால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் பாதம் அழிகிறது. அங்கே பயன்பட்ட எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பே இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. உள்ளே மென்மை, அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், பின்னால் வார், எங்கும் ஆணி கூடாது. கட்டைவிரல் இடுக்கில் பிடிக்கும் ஹவாய் செருப்பு வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடச் சொல்லி, வீட்டில் ஒருவர் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை வரிசை மாற்றி மெதுவாகத் தொட வேண்டும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2 விநாடி. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, இரண்டாம் முறை தொடக் கூடாது. தொட்டது வலதா இடதா என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு தவறினாலே மருத்துவரிடம் 10 கிராம் நைலான் இழைச் சோதனை (இழை வளையும்வரை பாதத்தில் அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று பார்ப்பது) கேட்டுப் பெறுங்கள். தவறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை வேண்டும்.

சுரணை குறைந்தவர் தினமும் படுக்கப் போகுமுன் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பார்வை மங்கலென்றால் வீட்டார் பார்க்கட்டும். கழுவியதும் இடுக்கில் ஈரம் தங்காமல் ஒற்றி, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெயோ யூரியா கிரீமோ தடவலாம். இடுக்கில் தடவினால் ஊறிச் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் அமிலப் பிளாஸ்டர் ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான்: காலுக்கு வெதுவெதுப்பாகத் தெரிவது தோலை வேக வைக்கும் சூடாக இருக்கலாம். சித்திரை வெயிலில் கோயில் கல்தரையும், தேவனாம்பட்டினம் கடற்கரை மணலும் அதே ஆபத்துதான். காலையிலேயே போய்விடுங்கள், கோயிலுக்குள் தடித்த பருத்தி சாக்ஸ் போடுங்கள். சுரணை இல்லாதவர் தீமிதிக்கு நேர்ந்துகொள்ள வேண்டாம். வேண்டுதலை வேறு வகையில் நிறைவேற்றலாம்.

கொப்புளமோ புண்ணோ தெரிந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணி சுற்றி, ஊன்றுவதை நிறுத்துங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு வேண்டாம். சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் போங்கள். வலியில்லாமலே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் கொல்லும், அழுத்தத்தை நீக்காது. ரத்த ஓட்டம் சரியாக இருந்தால், பாதத்தோடு ஒட்டிப் படியும் மாவுக்கட்டு போட்டு எடையைப் பரப்பிவிடுவார்கள். பல புண்கள் சில வாரங்களில் ஆறிவிடும். கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தால் கழிவறைக்குப் போகும் நாலடிக்கும் அதைப் போட வேண்டும். தழும்பு பழைய தோலைவிட பலவீனமானது. ஆறியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 40 பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி புண் வருகிறது. அதனால் எம்.சி.ஆர். செருப்பில் இரண்டாவது ஜோடி ஒன்று வாங்கி, வீட்டுக்குள் போடுவதற்கென்றே கட்டிலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.