கிரீன்ஹவுஸ்: பச்சையா, வேக்காடா?

போன சித்திரைல ஒரு நாள் மத்தியானம் ஒன்னரை மணிக்கு எங்க பொடக்காலில, அதான் வீட்டுக்குப் பின்னாடி, செடி வளக்க பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு கட்டுன கிரீன்ஹவுஸுக்குள்ள தெர்மாமீட்டர பார்த்தா 48 டிகிரி, அதையே எடுத்துட்டு வந்து வெளிய வேப்பமர நிழல்ல அரைமணி நேரம் தொங்கவிட்டா 39. ஈரோட்டுப் பக்கம் சித்திரைல 39-ங்கறது பெரிய விஷயமே இல்ல, ஆனா உள்ள 48-ன்னா செடி என்ன ஆகும், தக்காளி பூவெல்லாம் காம்போட உதிர்ந்து கீழ கிடந்துச்சு, குடமிளகா இலை நரம்புக்கு நடுவுல வெள்ளையா வெந்து போயிருந்துச்சு. அம்மாயி கதவுகிட்ட நின்னு எட்டிப் பார்த்துட்டு, "ஏஞ்சாமி, இதுக்குள்ள வத்தலு போடறதுக்கா இத்தன காசு செலவு பண்ணுன?"ன்னு கேட்டாங்க. அன்னிக்குத்தான் இந்த கிரீன்ஹவுஸ்ங்கற பேரு மேலயே எனக்கு சந்தேகம் வந்துச்சு, நாம எதுக்கு என்ன பேரு வெச்சு என்னத்த கட்டிட்டு இருக்கோம்னு.

மொதல்ல இங்கிலீஷ் சொல்ல பார்ப்போம். கிரீன்னா பச்சை, ஹவுஸ்னா வீடு, அவ்ளோதானேன்னு தோணும். ஆனா இந்தச் சொல்லு பொறந்தது 1660-கள் வாக்குல, அப்ப கிரீன்ஸ்னு அவங்க சொன்னது குளிர்காலத்துலயும் இலை கொட்டாத செடிகள, ஆரஞ்சு, எலுமிச்சை, மிர்ட்டில் இந்த மாதிரி. ஐரோப்பாவுல பனி விழுந்தா இதெல்லாம் செத்துரும், அதனால மரப்பெட்டில நட்டு வெச்சு, வெயில் காலத்துல தோட்டத்துல நிறுத்தறது, குளிர் ஆரம்பிச்சா ஆளுங்க தூக்கிட்டுப் போயி ஒரு கட்டடத்துக்குள்ள அடைக்கறது. அந்தக் கட்டடத்துக்குத்தான் இந்தப் பேரு. ஆரம்பத்துல அதுக்கு கண்ணாடிக் கூரைகூட கிடையாது, சாதாரண கூரை, தெக்குப் பக்கம் மட்டும் பெரிய பெரிய சன்னல், உள்ள கரி அடுப்பு. பணக்காரங்க வீட்டு சமாச்சாரம்தான். பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனைல 1680-கள்ல கட்டுன ஆரஞ்சுக் கூடம் இன்னும் நிக்குது, பேரே ஆரஞ்சரி. இதுல ஒரு வேடிக்கை, ஆரஞ்சுங்கற சொல்லு பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு, பாரசீகம்னு பின்னாடியே போனா சமஸ்கிருதத்துல நாரங்கன்னு நிக்குது, அதுக்கும் பின்னால நம்ம நாரத்தைக்கு சொந்தமான ஒரு திராவிடச் சொல்லுதான் இருக்கணும்னு சொல்லாராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. நாரத்தங்கா ஊறுகா திங்கற ஊருல இருந்து போன பேரு, அங்க போயி குளுருக்கு பயந்து கண்ணாடி வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு.

கண்ணாடிக்கு இங்கிலாந்துல நூறு வருசம் வரி இருந்துச்சு, 1845-ல அத எடுத்தாங்க, அப்பறம்தான் ஆளாளுக்கு கண்ணாடி வீடு கட்ட ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியே ஜோசப் பாக்ஸ்டன்னு ஒரு தோட்டக்காரர் சாட்ஸ்வொர்த்ங்கற ஊருல ஒரு பிரபுவுக்காக 1840 வாக்குல ஒரு பிரம்மாண்டமான கண்ணாடி வீட்ட கட்டி முடிச்சாரு, அதுக்கு அவங்க வெச்ச பேரு என்ன தெரியுங்களா, கிரேட் ஸ்டவ். பெரிய அடுப்பு! சூடு பண்ணி வெச்ச செடி வீட்டுக்கு அந்தக் காலத் தோட்டக்காரங்க பேச்சுல ஸ்டவ்னுதான் பேரு, ஹாட்ஹவுஸ்னும் சொல்லுவாங்க. ஒளிவு மறைவு இல்லாத பேரு. அதே பாக்ஸ்டன்தான் 1851-ல லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ்ங்கற கண்ணாடிக் கண்காட்சிக் கூடத்த கட்டுனது, அத பார்த்துத்தான் பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகை. ஊட்டி தாவரவியல் பூங்காவுல இருக்கறதயும் நம்ம பேப்பர்காரங்க கண்ணாடி மாளிகைன்னுதான் எழுதுவாங்க. ஊட்டில அது சரி, அங்க குளுரு இருக்குது.

தமிழுக்கு வருவோம். புழக்கத்துல மூணு நாலு பேரு சுத்திட்டு இருக்குது. வேளாண்மைத் துறை, தோட்டக்கலைத் துறை, வேளாண் பல்கலைக்கழகம் எல்லாம் பசுமைக்குடில்னு எழுதறாங்க. சில பாடப் புத்தகத்துல பசுமை இல்லம், பசுமை இல்ல வாயு. இலங்கைல பச்சை வீடு, பச்சைவீட்டு விளைவு, இது நேரடி மொழிபெயர்ப்புன்னாலும் எனக்கு என்னமோ இதுதான் வாயில சுலபமா வருது. தனித்தமிழ் விரும்பறவங்க பைங்குடில்னு எழுதுவாங்க, அதுவும் சரியான ஆக்கம்தான், பசுமை + தமிழ் பைந்தமிழ் ஆகற மாதிரி பசுமை + குடில் பைங்குடில், ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணுன அதே புணர்ச்சி விதி. திருக்குறள்ல வளர்ற பயிருக்கு பைங்கூழ்னு வரும், அந்த வரிசைல இத வெச்சுப் பார்த்தா அழகாவே இருக்குது. ஓசூர் பக்கம் ரோஜா போடறவங்ககிட்ட போயி பைங்குடில் எங்கேன்னு கேட்டா மட்டும் உங்கள ஒரு மாதிரி பார்ப்பாங்க, பாலித்தீன் ஷீட்டு போட்டு கட்டறதால அங்க பாலிஹவுஸ்தான்.

என் பிரச்சன பசுமைங்கற பாதிலதான் இருக்குது. இங்கிலீஷ்ல கிரீன் குளுருல சாகாத இலை. தமிழ்ல பச்சை நிறம் மட்டும் இல்ல, நெருப்பு படாததும் பச்சைதான். பச்சத்தண்ணின்னா காய்ச்சாத தண்ணி, பச்சரிசின்னா வேக வெக்காத நெல்லுல எடுத்த அரிசி, பச்ச மண்ணுன்னா சூளைல வேகாத மண்ணு, பச்ச மொளகாய பச்சையாவே கடிச்சான்னா சமைக்காமயே கடிச்சான்னு அர்த்தம். ஆக நம்ம காதுக்கு பசுமைக்குடில்னா சூடு படாத எடம், வேகாத எடம். அதோட குடில் வேற, குடி, குடிசை, குடில் எல்லாம் ஒரே குடும்பம், குடில்னதும் மனசுல வர்றது கீத்து வேஞ்ச சில்லுன்னு ஒரு எடம், கிறிஸ்துமஸுக்கு வைக்கோல் போட்டு செய்வாங்களே அந்தக் குடில். ரெண்டு குளுமையான சொல்ல ஒட்டி பேரு வெச்சுட்டு, 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்ட நாலு பக்கமும் இழுத்துக் கட்டி உள்ள செடிய வேக வெக்கறோம்.

அம்மாயி வத்தலுன்னு சொன்னது கிண்டல்னு நெனச்சேன். அப்பறம் காங்கேயம் பக்கம் ஒரு வேலையா போனப்ப கொப்பரை காய வெக்கற ஷெட் ஒன்ன பார்த்தேன், வளைஞ்ச பைப்பு, மேல பிளாஸ்டிக் ஷீட்டு, அச்சு அசலா என் கிரீன்ஹவுஸ், உள்ள தேங்கா பருப்பு தட்டு தட்டா. வேளாண் பொறியியல் துறைல அதுக்கு பேரு சூரிய கூடார உலர்த்தி. அதாவது ஒரே கூடாரம், உள்ள தேங்கா வெச்சா உலர்த்தி, தக்காளி வெச்சா பசுமைக்குடில். கிழவி ஒரே பார்வைல கண்டுபுடிச்சிருக்குது.

சரி, இது ஏன் இப்படி சூடாகுது? கண்ணாடி வெயில உள்ள விட்டுட்டு வெப்பக் கதிர வெளிய விடாம புடிச்சு வெச்சுக்கும், அதனாலதான்னு படிச்சிருப்போம். 1909-ல வுட்னு ஒரு அமெரிக்க இயற்பியல்காரர் ரெண்டு பெட்டி செஞ்சு ஒன்னுக்கு கண்ணாடி மூடி, இன்னொன்னுக்கு வெப்பக் கதிர தாராளமா வெளிய விடற பாறை உப்பு மூடி, அதான் நம்ம இந்துப்பு ஜாதி, அத போட்டு வெயில்ல வெச்சுப் பார்த்தாரு, ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு சூடாச்சு. அப்ப முக்கியமான காரணம் கதிர் இல்ல, சூடான காத்து மேல போக வழியில்லாம உள்ளயே அடைபட்டு கிடக்கறதுதான். வானத்துல நடக்கற பசுமைக்குடில் விளைவு வேற கதை, அங்க கதிர்தான் சமாச்சாரம், பேரு மட்டும் ஒன்னு. பொடக்காலிக்காரனுக்கு இதுல இருந்து தெரிய வேண்டியது, மேல ஒரு ஓட்டை வேணும்.

அந்த ஓட்டைக்கு வென்ட்னு சொல்றாங்க, டாப் வென்ட், சைடு வென்ட். இதுக்கு தமிழ்ல இருக்கற சொல்லத்தான் நான் ரொம்ப ரசிச்சேன்: காலதர். கால்னா காத்து, அதர்னா வழி. சிலப்பதிகாரத்துலயே மான்கண் மாதிரி காலதர் வெச்ச மாளிகைன்னு வருது. சன்னல்னு பொதுவா அர்த்தம் சொன்னாலும் சொல்லுக்குள்ள இருக்கறது காத்து போற பாதை, வெளிச்சம் இல்ல, வேடிக்கை பார்க்கறது இல்ல. எங்க கிரீன்ஹவுஸ போட்டுக் குடுத்த ஆளு மேல ஒரு இஞ்சுகூட திறப்பு விடல, கேட்டா மழைத்தண்ணி உள்ள வரும்னாரு. நான் அப்பறம் வேற ஒரு வெல்டர வெச்சு முகட்டுல நீளவாக்குல ஒன்னரை அடிக்கு பொளந்து, மழை வராம இருக்க மேல ஒரு தாவாரம் மாதிரி தனியா தூக்கி வெச்சு, பக்கவாட்டுல இடுப்பு உயரத்துக்கு மேல இருந்த ஷீட்டெல்லாம் எடுத்துட்டு பூச்சி வலை அடிச்சேன். பாலக்காட்டுக் கணவாய் காத்து வைகாசி கடைசி, ஆனி ஆடிலதான் பிச்சு உதறும், சித்திரைல ஒரு இலை ஆடாது, அதனால பக்கச் சன்னல மட்டும் நம்பி புண்ணியமில்ல, சூடு தானா மேல ஏறி வெளிய போறதுக்கு உச்சில வழி வேணும். கூரை எவ்ளோ உயரமோ அவ்ளோ நல்லது, எனக்கு பத்தடி, இன்னும் நாலடி தூக்கியிருக்கலாம்.

அடுத்தது ஷேட் நெட். தமிழ்ல நிழல்வலை, அதுல கட்டுனா நிழல்வலைக்குடில், துறை ஆளுங்க போட்ட பேருலயே எனக்கு ரொம்ப புடிச்ச பேரு இதுதான், என்ன பொருளோ அத அப்படியே சொல்லுது. கடைல 35, 50, 75, 90 சதவீதம்னு விக்கறாங்க, அது எவ்ளோ வெளிச்சத்த தடுக்குதுங்கற கணக்கு. காய்கறிக்கு 35-ல இருந்து 50 போதும். நான் வெயிலுக்கு பயந்து 90 வாங்கி, அதயும் ஷீட்டுக்கு உள்பக்கம் கட்டுனேன், ரெண்டு தப்பு ஒரே நாள்ல. 90-க்கு கீழ தக்காளி வெளிச்சம் தேடி கொடி மாதிரி நீண்டு போச்சு, காய் இல்ல. உள்ள கட்டுனா வெயிலு மொதல்ல ஷீட்ட தாண்டி உள்ள வந்து, அப்பறம் வலைல பட்டு, வலை சூடாகி அந்த சூடு உள்ளயேதான் நிக்கும். வலைய ஷீட்டுக்கு மேல, வெளிப்பக்கம், ஒரு அடி இடைவெளி விட்டு கட்டணும், ரெண்டுக்கும் நடுவுல காத்து ஓடணும். கறுப்பு வலையவிட வெள்ளை வலை சூட்ட கம்மியா உறிஞ்சும். வலை வாங்க வசதியில்லன்னா சுண்ணாம்ப தண்ணியா கரைச்சு ஷீட்டு மேல அடிச்சு விடுங்க, மழை வர்றப்ப தானா கழுவிட்டுப் போயிரும், வெளிச்சம் தேவைப்படற நேரத்துல அது இருக்காது.

தண்ணி தெளிக்கறது, தண்ணிய பனி மாதிரி பீச்சற ஃபாகர் போடறது, ஈரத்தட்டி வழியா காத்த உள்ள இழுக்கற பேன் பேட் வெக்கறது எல்லாம் மண்பானை தத்துவம்தான், வெட்டிவேர் தட்டி தத்துவம்தான். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகறப்ப கிட்டத்தட்ட 580 கிலோகலோரி சூட்ட காத்துல இருந்து எடுத்துட்டுப் போகும், கரண்ட் கணக்குல சொன்னா முக்கா யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மி. தர்மபுரி, ஈரோடு, கரூர் மாதிரி வறண்ட காத்து அடிக்கற ஊருல இது அருமையா வேலை செய்யும். சென்னைலயோ நாகப்பட்டினத்துலயோ காத்துல ஏற்கனவே ஈரம், தண்ணி எங்க போயி ஆவியாகறது, உள்ள புழுக்கமும் பூஞ்சாணமும்தான் மிச்சம், அங்க இருக்கறவங்க ஃபாகருக்கு குடுக்கற காச வலைக்கும் காலதருக்கும் குடுங்க. மூடி வெச்ச கூடாரத்துல தெளிக்கறதும் அதே கதைதான், ஈரக்காத்து வெளிய போனாத்தான் அடுத்த லிட்டர் ஆவியாகும்.

இதெல்லாம் பண்ணி முடிச்சப்பறம் கத்திரி வெயில்ல ஒரு நாள் பார்த்தேன், வெளிய 40, உள்ள 41. அதுக்கு கீழ இறக்கணும்னா ஃபாகர மத்தியானம் பன்னண்டுல இருந்து மூணு வரைக்கும் விட்டு விட்டு ஓட்டணும். 35-க்கு மேல தொடர்ந்து நின்னா தக்காளி மகரந்தம் கெட்டு பிஞ்சு புடிக்காது, அதனால இப்பல்லாம் சித்திரை வைகாசில உள்ள தக்காளியே வெக்கறதில்ல, நாத்து விடறேன், கீரை, கொத்தமல்லி போடறேன்.

அப்ப குளுமையா செடி வளக்கற எடத்துக்கு நம்மகிட்ட சொந்தமா ஒன்னுமே இல்லயான்னு கேட்டா, இருந்துச்சு. அந்தியூர் பக்கம் வெத்தலைக் கொடிக்கால். சின்ன வயசுல அப்பாரு கூட போயிருக்கேன், செருப்ப வரப்புலயே விட்டுட்டுத்தான் உள்ள போகணும், அகத்தி மரம் வரிசையா நிக்கும், அதுல கொடி ஏறியிருக்கும், நடுவுல வாய்க்கால்ல தண்ணி, சித்திரை மத்தியானத்துல உள்ள நொழஞ்சா காதுமடல் சில்லுன்னு ஆகும். அகத்தி இலை சின்னது, வெயில பொடிப்பொடியா சலிச்சு விடும், மழைக்காலம் வர்றப்ப கிளைய கழிச்சு விட்டு வெளிச்சம் கூட்டிக்குவாங்க. ஷேட் நெட், ஃபாகர், காலதர் எல்லாம் ஒன்னாவே இருக்குது அதுல, சதவீதம் மட்டும்தான் எழுதல.

இன்னொன்னு பந்தல். சங்க இலக்கியத்துல பந்தர்னு வரும். பாகல், புடலை, பீர்க்கன் மேல படர்ந்து கீழ நெழல் குடுக்கும், இந்தச் சொல்ல இந்தியாவுல இருந்த இங்கிலீஷ்காரங்க பேண்டல்னு எடுத்துட்டு அவங்க அகராதிலயே சேர்த்துக்கிட்டாங்க. அவன் குளுருக்கு வெச்ச பேர நாம வாங்கிட்டோம், நாம வெயிலுக்கு வெச்ச பேர அவன் வாங்கிட்டுப் போனான்.

என் கணக்குல, சூட்ட சேத்து வெக்க மூடிக் கட்டுனா, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி எடத்துல, பசுமைக்குடில்னோ பைங்குடில்னோ சொல்லிக்கலாம். வெயில தடுக்க கட்டுனா நிழல்வலைக்குடில், சுருக்கமா நிழற்குடில்னு சொன்னாலும் தப்பில்ல, நிழற்குடைன்னு மட்டும் சொல்லிராதீங்க, அது பஸ் ஸ்டாப். எங்க வீட்டுல இப்ப பீர்க்கன் கொடி ஒன்னு வலை மேல தானா ஏறி பாதி கூரைய மூடிருச்சு, அம்மாயி அத பந்தல்னுதான் கூப்பிடுது. வலை கிழிஞ்ச எடத்துக்கு புதுசு வாங்க போன வாரம் கடைக்குப் போயி, பெருமையா "அண்ணா, அம்பது சதவீத நிழல்வலை வெள்ளைல இருக்குங்களா?"ன்னு கேட்டேன். அவரு உள்ள பார்த்து, "டேய், பச்ச நெட்டு வெள்ள கலர்ல ஒரு பத்து மீட்டர் வெட்டு"ன்னாரு.