கட்டர் பிறகு வாங்கலாம், முதலில் ஊசியை மாற்றுங்கள்

போன மாதம் முழங்காவிலில் இருந்து ஒரு தங்கச்சி பெரிய பை ஒன்றோடு என் வகுப்புக்கு வந்தார். உள்ளே துண்டுத்துணிப் போர்வை தைக்கும் சாமான்கள்: துணியை வைத்து வெட்டும் வெட்டுப்பாய், மூன்று அளவில் ரோட்டரி கட்டர் என்ற உருளும் வட்டக்கத்தி, துணியைப் பூ வடிவத்திலும் இதய வடிவத்திலும் வெட்ட அச்சுத்தட்டுகள், துணியில் கோடு போட ஐந்து நிறத்தில் அழியும் பேனைகள். எல்லாம் கடன் காசு. வீட்டில் இருந்த மெசினின் ஊசியோ முனை மழுங்கித் துணியைக் கடித்துக்கொண்டிருந்தது. அதை மாற்றவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கிளிநொச்சியில் தையல் பழக்குகிறேன். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியைக் கிலோக் கணக்கில் வாங்கி, துண்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகும் பெண்கள் பெருகி வருகிறார்கள். குவில்ட் என்று வெளியில் சொல்வது இதைத்தான். துணி மலிவு, அதனால் கை கருவிகள் பக்கம் போகிறது. வன்னியில் கடன் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கவேண்டி வந்தது. ஆகவே சொல்கிறேன்: போர்வைக் கருவிக்காகக் கிழமைக் கடன் எடுக்காதீர்கள். முதல் போர்வைக்கு வேண்டியவை கொஞ்சம்தான்.

ஊசியிலிருந்து தொடங்கலாம். பருத்தித் துண்டுகளை இணைக்க 80/12, மேல்துணி, நடு விரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 90/14. ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் தைத்ததும் மாற்றிவிடுங்கள். வேறெந்தக் கருவியும் இவ்வளவு குறைந்த காசில் தையலைத் திருத்தாது. அடுத்தது துணிக்கு மட்டும் என்று ஒதுக்கிய நல்ல கத்தரிக்கோல். பிள்ளைகள் அதால் கடதாசி வெட்டிவிடாமல் பிடியில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். தையல் பிரிக்கும் கொக்கி ஒன்று. கையால் தைக்கிறவர்களுக்குக் குட்டை ஊசியும் விரலுறையும். அவ்வளவுதான்.

தையலுக்கும் துணி விளிம்புக்கும் இடையில் சரியாகக் கால் அங்குலம் விடவைக்கும் மெசின் பாதத்தை, கால் அங்குலப் பாதம் என்று தனியாக விற்கிறார்கள். நல்ல சாமான்தான், ஆனால் அது செய்யும் வேலையைக் காசில்லாமலும் செய்யலாம். மெசின் பாதத்துக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, ஊசியைக் கையால் இறக்கி, கால் அங்குலக் கோட்டில் முட்டவிடுங்கள். அடிமட்டத்தின் விளிம்பு நிற்கும் இடத்தில் பிளாஸ்டரை நாலு மடிப்பாக ஒட்டிவிட்டால் துணி அதைத் தொட்டபடியே போகும். சோதித்துப் பாருங்கள்: ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று கீலம் வெட்டி இணைத்தால், நடுக் கீலம் சரியாக ஒரு அங்குலம் இருக்கவேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாத யாரையும் நான் போர்வைக்கு விடுவதில்லை. ஏனென்றால், ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; அந்தக் கால் அங்குல இடைவெளி அரை நூல் கூடினால் ஒரு தையலில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நூல் போகிறது. எட்டுத் துண்டு வரிசையில் ஏழு தையல், ஏழு நூல். கிட்டத்தட்ட ஒரு அங்குலம்! பக்கத்து வரிசையோடு அது எப்படிப் பொருந்தும்?

இரண்டு, மூன்று போர்வை விற்ற பிறகு ரோட்டரி கட்டரை யோசியுங்கள். 45 மில்லிமீற்றர் அலகுள்ள ஒன்று போதும். ஜப்பானில் ஒல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த இந்த வட்டக்கத்தி வேலையை உண்மையிலேயே சுருக்கியது. நாலு அடுக்குத் துணி ஒரே இழுப்பில் நேராக வெட்டுப்படும். ஆனால் அது தனியாக வராது. கூடவே பாயும், 6 க்கு 24 அங்குலத் தடித்த அக்ரிலிக் அடிமட்டமும் வேண்டும். மெல்லிய பள்ளிக்கூட அடிமட்டத்தில் அலகு ஏறி விரலை வெட்டிவிடும். என் மாணவி ஒருவரின் சுட்டுவிரலில் மூன்று தையல் போட்டதைப் பார்த்தவள் நான். கட்டரைக் கீழே வைக்கும்போதெல்லாம் மூடி வையுங்கள். பாயை வெயிலில் விடாதீர்கள்; அதன் மேல் அயன் பண்ணவும் கூடாது. மோட்டார் சைக்கிளில் மாங்குளம் வரை வெயிலில் கட்டிப்போன ஒரு பாய் வளைந்தது வளைந்ததுதான்.

அச்சுத்தட்டுகள் வேண்டாம். வேண்டிய வடிவத்தைத் தடித்த மட்டையில் வெட்டிக்கொள்ளலாம். சூட்டில் அழியும் பேனையும் வேண்டாம். அயன் பட்டதும் மறையும் கோடு கடுங்குளிரில் திரும்பத் தெரியும். நம் போர்வைகளில் பாதி கனடாவுக்குப் போகிறதே! தண்ணீரில் அழியும் நீலப் பேனை பரவாயில்லை, ஆனால் கழுவ முன் அயன் பட்டால் கறையாக நின்றுவிடும். கருந்துணியில் கோடு போட, தேய்ந்த சவர்க்காரத் துண்டு போல எதுவும் வராது.

மேல்துணியையும் சேர்த்து இழுக்கும் பாதம் மட்டும் சேமித்து வாங்கவேண்டிய சாமான். அது இல்லாமல் மெசினில் மூன்று அடுக்கைத் தைத்தால் மேல்துணி சுருங்கும். வாங்கப் போகும்போது மெசினின் பழைய பாதத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், தண்டின் உயரம் மெசினுக்கு மெசின் வேறு. அது வரும்வரை நாலு அங்குலத்துக்கு ஒன்றாகச் சட்டைப்பின் குத்திக் கையால் தையுங்கள். மாரியில் பின்கள் துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கறை விடும், அதனால் குத்தியபடி நாள்கணக்காக விடவேண்டாம். நடு அடுக்குக்குத் தடித்த பஞ்சு விரிப்பும் இந்த வெக்கைக்குத் தேவையில்லை. பழைய பருத்திச் சேலை போதும்.

அப்புறம் ஒன்று. கட்டரின் பழைய அலகை வளவில் குப்பையோடு எரிக்கப் போடாதீர்கள். வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகிற முற்றம். பால்மா ரின் ஒன்றில் போட்டு, நிறைந்ததும் மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.