ஃபுளூட்டின் சி வேறு, கிளாரினெட்டின் சி வேறு: ஸ்வரத்துக்கு ஏன் எண் தேவை?

பியானோ வாசிப்பவரிடம் "நடு சி" என்றால் எந்தக் கட்டை என்பதில் சந்தேகமே வராது. ஃபுளூட் வாசிக்கும் பலருக்கோ அதே ஸ்வரம் "கீழ் சி", ஏனென்றால் பெரும்பாலான ஃபுளூட்களில் அதற்குக் கீழே ஸ்வரமே கிடையாது, அவர்கள் நடு சி என்பது ஒரு ஸ்தாயி மேலே இருக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் எண், அதாவது ஸ்வரம் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்று பெயருக்குப் பின்னால் போடும் எண். பியானோவின் நடு சி என்பது சி4, சுமார் 261.6 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே உள்ள ஏ4 என்பது 440. எண் மாறுவது ஏ-யில் அல்ல, சி-யில்: பி3-க்கு அடுத்த ஸ்வரம் சி4. சில மென்பொருள்கள் அதே நடு சி-யை சி3 என்று காட்டும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சரி, எண் போட்டாச்சு, பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. பி பிளாட் கிளாரினெட்டில் தாளில் சி4 என்று இருப்பதை ஊதினால் காதில் விழுவது பி பிளாட் 3. ஆல்டோ சாக்ஸஃபோனில் அதே சி4, ஈ பிளாட் 3 ஆகிவிடும், டெனாரில் இன்னும் கீழே போய் பி பிளாட் 2. அதனால் எழுதிய ஸ்வரமா, ஒலிக்கும் ஸ்வரமா என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது பாதித் தகவல்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கிளாரினெட்தான். ஃபுளூட், ஓபோ, சாக்ஸஃபோன் மூன்றிலும் கிட்டத்தட்ட அதே விரல் வைப்போடு அடுத்த நிலைக்குத் தாவினால் அதிர்வெண் இரு மடங்காகும், அதாவது ஸ்வரத்தின் பெயர் மாறாது, எண் மட்டும் ஒன்று கூடும். கிளாரினெட்டின் உள்துளை பெரும்பாலும் ஒரே அகலம், ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய தகடு) இருக்கும் முனையோ மூடிய முனை போல நடந்துகொள்கிறது, அதனால் அதில் ஒற்றைப்படை மடங்குகள்தான் வலுவாக எழும், முதல் தாவலே மூன்று மடங்கு. கட்டைவிரலால் ரெஜிஸ்டர் கீயை (இந்தத் தாவலை உண்டாக்கும் பொத்தானை) அழுத்தினால் எழுதிய ஈ3, ஈ4 ஆவதில்லை, நேராக பி4-க்குப் போய்விடும்! பெயரும் மாறுகிறது, எண்ணும் மாறுகிறது, ஆகவே கிளாரினெட்காரர்கள் ஸ்தாயியை விட ரெஜிஸ்டரை (ஒரே தாவல் நிலையில் வரும் ஸ்வரங்களின் தொகுதியை) வைத்தே அதிகம் பேசுவது இயல்புதான்.

அப்புறம், டியூனர் (சுருதி பார்க்கும் கருவி) காட்டுவது பொதுவாக ஒலிக்கும் ஸ்வரத்தை. சில டியூனர்களில் பி பிளாட், ஈ பிளாட் என்று கருவிக்கேற்ப மாற்றும் வசதி உண்டு, அதை முதலில் பார்த்துவிட்டு ஊதுங்கள்.