காலில பலம் இருந்தா மட்டும் காணுமோ? சைக்கிள் றேஸும் அதிஷ்டமும்

சோளகக் காத்து நேரம் ஆனையிறவால பரந்தன் பக்கம் சைக்கிள் ஓடினவைக்கு இந்த விளையாட்டின்ர பாதி விஞ்ஞானம் ஏற்கனவே தெரியும். முன்னால மிதிக்கிறவன் களைச்சு விழுவான், அவன்ர பின்சில்லோட ஒட்டிக்கொண்டு வாறவன் கதை சொல்லிக்கொண்டு வருவான். காத்தை மட்டும் பாத்தா, வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு வலு வேணும். 2018 இல நெதர்லாந்தின்ர ஐந்தோவன் பல்கலைக்கழக ஆக்கள் 121 பேர் ஓடுற கூட்டத்தை ஆராய்ஞ்சு பாத்தவை, கூட்டத்தின்ர நல்லா உள்ளுக்க இருக்கிறவனுக்கு தனிய ஓடுறவனுக்குப் பிடிக்கிற காத்தெதிர்ப்பில வெறும் 5 இலயிருந்து 10 வீதம்தானாம்!

அப்ப உள்ளுக்கயே ஒளிச்சிருக்கலாம்தானே? இருக்கலாம், ஆனா முன்னுக்கு ஒருத்தன் விழுந்தா நீங்களும் விழுவீங்கள். பிரான்சில மூண்டு கிழமையா நடக்கிற பெரிய சைக்கிள் றேஸ் டூர் டி பிரான்ஸ், அதின்ர 2021 ஓட்டத்தில முதல் நாளே ரோட்டோரம் நிண்ட ஒரு பொம்பிளை கமராவுக்கு மட்டையைக் காட்ட, ரொனி மார்ட்டின் எண்ட ஓட்டவீரர் அதில மோதி, அவருக்குப் பின்னால வந்தவையும் கொத்துக் கொத்தா சரிஞ்சவை. இதில ஆற்ற கால் பலமும் உதவேல்ல.

இனித்தான் விசயம். ஊர் விளையாட்டுப் போட்டியில சைக்கிள் ஓட்டம் வச்சா கெட்டிக்காரனுக்கு செயின் கழண்டாலும் இறங்கி மாட்டிப்போட்டு வந்து வெண்டிடுவான், ஏனெண்டா இரண்டாவதா வாறவன் அவ்வளவு தூரம் பின்னால. புரொபெஷனல் றேஸில அப்பிடியில்ல, எல்லாரும் சின்ன வயசிலயிருந்து அரிச்சு எடுத்த ஆக்கள், ஒரே மாதிரி பயிற்சி, ஒரே மாதிரி சைக்கிள். திறமையின்ர இடைவெளி சுருங்கச் சுருங்க மிச்சமிருக்கிற வித்தியாசத்தில அதிஷ்டத்தின்ர பங்கு பெருக்கும். 1989 டூரில 3,285 கிலோமீற்றர் ஓடி முடிய கிரெக் லெமொண்ட் வெண்டது 8 செக்கனால, ஒரு சில்லு மாத்தவே அதைவிடக் கூட நேரம் போகும். (முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டு பஸ் எடுக்கிற டிரைவரும் ஓடத் தெரியாமலோ உடைக்கிறார்?)

ஆனா நாள் கூடக்கூட அதிஷ்டம் தேயும். 21 நாள் ஓட்டத்தில திறமையால வாற முன்னிலை 21 மடங்கா சேரும், அதிஷ்டம் ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைச்சு தனக்குள்ளயே வெட்டுப்பட்டு கிட்டத்தட்ட நாலரை மடங்காத்தான் வளரும். ஒருநாள் றேஸில அப்பிடி வெட்டுப்பட இடமில்லை, அதாலதான் 2016 பாரிஸ்-ரூபேயில 37 வயசு மத்தியூ ஹேமன், ஆறு கிழமைக்கு முன்னம் கை முறிஞ்ச மனுசன், அந்த றேஸை நாலு தரம் வெண்ட டொம் பூனனையே பின்னுக்குத் தள்ளினார்.

இந்தக் கணக்குக்குள்ள அடங்காதது விழுகைதான். காத்து மாறினா நாளைக்குத் திரும்பி வரும், தொடையெலும்பு முறிஞ்சா அந்த வருசமே போச்சு. நாலு தரம் டூர் வெண்ட கிறிஸ் ஃபுறூம் 2019 ஜூனில ஒரு றேஸுக்கு முன்னம் பாதை பாக்கப் போன இடத்தில மதிலில அடிபட்டு விழுந்தார், பழைய ஃபுறூம் பிறகு வரவேயில்லை. அவருக்காவது பெயர் இருந்தது. புதுசா வாற பெடியனுக்கு ரெண்டு வருசக் கொந்தராத்துதான் கிடைச்சிருக்கும், ரெண்டாம் வருசம் காறை எலும்பு முறிஞ்சா அவன்ர திறமையை அளக்கவே ஆளில்லை. நாங்கள் ரீவியில பாக்கிறது தப்பினவையை மட்டும்தான்.

இதில பகிடி என்னெண்டா, விழுகையிலயிருந்து தப்ப ஒவ்வொரு ரீமும் தன்ர தலைவரை முன்னுக்குக் கொண்டுபோகப் பாக்கும், ரோட்டு அகலம் கூடாது, எல்லாரும் ஒரே நேரம் முன்னுக்கு நெருக்க அதாலயே அடுத்த விழுகை வரும்.