காமுகன் அல்ல, பரத்தன்

பழைய சரித்திரக் காதல் நாவல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெண்களை மயக்கித் திரியும் ஆணைக் குறிக்கும் ‘ரேக்’ (rake) என்ற ஆங்கிலச் சொல் வந்தாலே ‘காமுகன்’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘திருந்திய காமுகனின் கதை’ என்று அறிமுகம் செய்தால் அந்த நாவலை யார் கையில் எடுப்பார்கள்?

ரேக், ‘ரேக்ஹெல்’ என்பதன் சுருக்கம். நரகத்தையே வாரித் தேடினாலொழிய அகப்படாத போக்கிரி என்று விளக்கம் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அரசவையின் களியாட்டப் பிரபுக்களோடு ஒட்டிக்கொண்ட சொல். ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1730களில் எட்டு ஓவியங்களாக வரைந்த ரேக், தந்தை சேர்த்த சொத்தைத் தொலைத்து, கடன்காரர் சிறைக்குப் போய், பித்தர் விடுதியில் முடிகிறான். இங்கிலாந்தில் மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட ரீஜென்சி காலத்தை (1811–1820) களமாகக் கொண்ட நாவல்களில் அவனுக்கு வேறு முடிவு. பேச்சில் ஈடுகொடுக்கும் ஒருத்தியிடம் தோற்று, அவளுக்காகவே திருந்துகிறான். வாசிப்பின் சுகமே அந்தத் தோல்வியில்தான் இருக்கிறது.

காமுகனிடம் இந்தச் சுகத்துக்கு இடமில்லை. செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை வன்கொடுமைக் குற்றவாளிக்கு எழுதிக்கொடுத்துவிட்டன. ரேக்கிடம் பெண்கள் தாங்களாக மயங்குகிறார்கள். அவனால் வரும் ஆபத்தும் அதுவே. பழைய நாவல்கள் சிலவற்றில் நாயகன் வலுக்கட்டாயமும் செய்வான். அவனைத் தாராளமாகக் காமுகன் என்று சொல்லுங்கள்; அவன் திருந்தியதாக நான் நம்புவதே இல்லை.

‘ஸ்திரீலோலன்’ வடமொழி; போதாததற்கு, பெண்கள் பின்னால் அலைகிறவன் என்ற இளக்காரமும் சேர்கிறது. ‘மைனர்’ தொனியில் வெகு நெருக்கம். ஆனால் அதுவே ஆங்கிலத்திலிருந்து வந்தது, ஜமீன் வாரிசின் வாடை போகாதது. லண்டன் நடனக்கூடத்தில் நிற்கும் பிரபுவை மைனர் என்றால் காட்சியே குலைந்துவிடும்.

நம்மிடம் ‘பரத்தன்’ இருக்கிறது. ‘நண்ணேன் பரத்தநின் மார்பு’ என்று குறளில் (1311) தலைவி ஊடுகிறாள். பெண்கள் எல்லாரும் கண்ணால் பருகும் மார்பு அது, நான் நெருங்கமாட்டேன் என்கிறாள். வசீகரம், பலரை நாடும் குணம், அவன்மேல் அவளுக்கு இருக்கும் காதல், மூன்றும் அந்த விளியில் உண்டு. பரத்தையிடம் போன தலைவன் திரும்பி வந்து வாசலில் நிற்பதும், தலைவி கதவடைப்பதும் ஊடலைப் பாடும் மருதத்திணையின் அன்றாடம். திருந்தும் ரேக்கின் கதைக்கு இதைவிட நெருங்கிய மண் எங்கே கிடைக்கும்?

வழக்கொழிந்த சொல், புரியாது என்கிறார்கள். பரத்தை புரிகிறவர்களுக்குப் பரத்தன் புரியாதா? டியூக்குக்குக் ‘கோமகன்’ தேடிப் பிடிக்கிற மொழிபெயர்ப்பாளர்கள், நாயகன் என்று வரும்போது அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். அவன் யாரை மயக்கினான், எப்படி மயக்கினான் என்று நாவலைப் படித்துப் பார்த்திருந்தால் காமுகன் என்று எழுதக் கை வராது. ஹோகார்த்தின் ஆளுக்கு வேண்டுமானால் ‘ஊதாரி’ போதும்.