பார்ட்: கவிஞரா, பாணரா?

ஆங்கிலத்தில் 'த பார்ட்' (the Bard) என்று மட்டும் சொன்னால் ஷேக்ஸ்பியர்தான். தாகூரையும் 'வங்கத்தின் பார்ட்' என்பார்கள். இந்தப் பழக்கத்தில் தமிழில் 'கவிஞர்' என்று எழுதிவிடுவது எளிது. அந்த இரண்டு இடத்துக்கும் அது பொருந்தும். ஆனால் ஐரோப்பாவின் இன்றைய பேகன் (கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளை மீட்டெடுப்போர்) கூட்டங்களில் கிதாரோடு பாடுகிறவரும் தம்மைப் 'பார்ட்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அவரைக் கவிஞர் என்றால் பாட்டு விடுபட்டுப் போகும். பாடகர் என்றால் சடங்கு விடுபட்டுப் போகும்.

சொல் ஐரிஷ், வேல்ஷ் போன்ற செல்டிக் மொழிகளுடையது. 'புகழ்தல்' என்ற பொருளுடைய மிகப் பழைய வேரிலிருந்து வந்ததாக மொழியியலாளர் சொல்கிறார்கள். இன்றைய பிரான்ஸ் பகுதியான 'கால்' (Gaul) நாட்டில் பாடும் பார்ட், குறி சொல்லும் வேட், அறிஞரும் குருமாருமான ட்ரூயிட் என மூவகையினர் மதிப்புப் பெற்றிருந்ததாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதினார். லைர் என்ற நரம்புக் கருவி போன்ற ஒன்றை மீட்டி, பார்டுகள் சிலரைப் புகழ்ந்தும் சிலரை இகழ்ந்தும் பாடினார்கள் என்கிறார் இன்னொரு கிரேக்க எழுத்தாளர் டியோடோரஸ். ஆகத் தொடக்கத்திலேயே இசையும் புகழ்ச்சியும் வசையும் ஒன்றாகத்தான் இருந்தன. பிறகு தரம் இறங்கியது. அயர்லாந்தில் கல்வி முற்றிய புலவரான 'ஃபிலி'க்குக் கீழே பார்ட் வைக்கப்பட்டார். ஸ்காட்லாந்தில் 15ஆம் நூற்றாண்டில் ஊர்சுற்றிகளோடு சேர்த்துத் திட்டுகிற சொல்லானது.

மீண்டும் உயர்த்தியவர் வேல்ஸ் கல்தச்சர் யோலோ மோர்கானுக். 1792இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக வைத்து, 'கோர்செத்' என்ற பார்டுகள் அவையைக் கூட்டினார். பண்டைய ஏடுகள் என்று அவர் காட்டியவற்றில் பல அவரே எழுதியவை என்பது பின்னால் அம்பலமானது. ஆனாலும் சடங்கு நிலைத்துவிட்டது. வேல்ஸின் தேசிய விழாவான ஐஸ்டெத்வோடில் இன்றும் நடக்கிறது. அது பண்பாட்டு விழா, பேகன் வழிபாடு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பேகன் கிளை வேறு. ராஸ் நிக்கல்ஸ் 1964இல் இங்கிலாந்தில் தொடங்கிய ட்ரூயிட் சபையில் பார்ட், ஓவேட், ட்ரூயிட் என்று மூன்று படிநிலைகள். முதல் படியான பார்ட் நிலையில் கதையும் கவிதையும் இசையும் பயில வேண்டும். இந்த நிலைக்கு இன்ன குடியில் பிறந்திருக்கத் தேவையில்லை, பயிற்சி போதும். அமெரிக்காவில் குவிதியன் பெண்டர்வென் 1975இல் பேகன் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டார். இங்கிலாந்தில் டேவ் என்ற நாட்டார் இசைக்கலைஞர் பெயரிலேயே 'த பார்ட்' என்று சேர்த்துக்கொண்டு, வேல்ஸ் தொன்மங்களைப் பாடுகிறார். பெல்டேன் (மே தொடக்கம்), சவ்வின் (Samhain, நவம்பர் தொடக்கம்) போன்ற பருவ விழாக்களில் தீயைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டோ கதையோ சொல்வதும் இவர்கள் வழக்கம். அதில் பார்ட் பாட, மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள்.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் பாணர். 'பாண்' என்றால் பாட்டு. யாழோடு ஊர் ஊராகப் போய், புரவலரைப் பாடிப் பரிசில் பெற்றவர்கள் அவர்கள். ஃபிலிக்கும் பார்டுக்கும் இருந்த வேறுபாட்டை நம் புலவருக்கும் பாணருக்கும் இடையிலும் காணலாம். இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை ஐரோப்பிய வீரயுகப் பாட்டு மரபுகளோடு ஒப்பிட்டபோது பாணரையும் பார்டாகவே கொண்டார்.

தடை ஒன்று உண்டு. பாணர் என்பது குடிப்பெயருமாகும். ட்ரூயிட் சபையில் பார்ட் என்பது எவரும் ஏறக்கூடிய படி. எனவே அந்த இடத்தில் 'பாணர் நிலை' என்று எழுதலாம். 'ஓதுவார்' என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஓதுவார் பாடுவது பதிகம், மாற்றக் கூடாதது. பார்ட் புதிதாகக் கட்டுவார். 'ஐஸ்டெத்வோட்' என்பதன் நேர்ப்பொருள் 'அமர்வு'. ஆகத் தீயைச் சுற்றிய அந்தக் கூட்டத்தைப் 'பாணர் அமர்வு' என்றே சொல்லிவிடலாம். 'பேகன்' மட்டும் அப்படியே இருக்கட்டும்: 'புறச்சமயத்தார்' என்றால் கிறித்தவத்தின் பக்கம் நின்று பார்ப்பதாகிவிடும்.