தடுப்பூசித் தயக்கம்: தயங்குகிறவர் இன்னும் மறுக்கவில்லை

'வேக்சின் ஹெசிடன்சி' என்ற சொல்லைப் பலர் 'தடுப்பூசி எதிர்ப்பு' என்றோ 'தடுப்பூசி மறுப்பு' என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. தடுப்பூசித் தயக்கம் என்பதுதான் பொருத்தமான தமிழ், நடுவில் 'த்' கட்டாயம் வேண்டும். ஒரு சொல்தானே என்று இதை விட்டுவிட எனக்கு மனசில்லை. தயங்கி நிற்கிற ஒருவரை 'எதிர்ப்பாளர்' என்று அழைத்துவிட்டால், அப்புறம் அவரோடு பேசுவதற்கு வழியே இல்லாமல் போய்விடுகிறது.

முதலில் 'வேக்சின்'. லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. மாட்டம்மை வந்தவர்களைப் பெரியம்மை தொடுவதில்லை என்ற பேச்சை நம்பி, 1796-ல் எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். 1798-ல் எழுதிய நூலில் அந்த நோய்க்கு அவர் வைத்த 'வேரியோலே வாக்சினே' என்ற லத்தீன் பெயருக்குப் 'பசுவின் அம்மை' என்று பொருள். 'வேக்சின்' அதிலிருந்து வந்ததுதான். மற்ற நோய்களுக்கான தடுப்பு மருந்துகளுக்கும் அதே பெயர் இருக்கட்டும் என்று, ஜென்னருக்கு மரியாதையாக, 1881-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் சொன்னார். தமிழில் இதை ஒரு காலத்தில் 'அம்மை குத்துவது' என்றார்கள். பிறகு தடுப்பு + ஊசி சேர்ந்து தடுப்பூசி ஆனது. போலியோ சொட்டு மருந்துக்கு ஊசியே கிடையாது, அதனால் கறாராகப் பார்த்தால் 'தடுப்பு மருந்து' என்பதே பொதுப்பெயர். ஆனாலும் மக்கள் வாயில் தடுப்பூசிதான் நிலைத்துவிட்டது, அதுவே இருக்கட்டும்.

தயக்கமும் தடுப்பூசி அளவுக்கே பழையது. உடம்பில் மாடு முளைத்துவிடும் என்ற பயத்தை அப்படியே வரைந்த கேலிச்சித்திரம் 1802-லேயே லண்டனில் வந்துவிட்டது. ஊசி குத்திக்கொண்டவர்களின் கையிலும் முகத்திலும் குட்டி மாடுகள் கிளம்பி நிற்கும். அந்தப் பயத்தையெல்லாம் தாண்டித்தான் 1980-ல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

'ஹெசிடன்சி'க்கு லத்தீன் வேரில் ஒட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்பது என்று பொருள். நம்முடைய 'தயங்கு' வேறு மாதிரி. பழந்தமிழில் அதற்கு அசைதல் என்ற பொருளும் உண்டு. தயங்குகிற மனசும் அப்படித்தான், இந்தப் பக்கமும் சாயலாம், அந்தப் பக்கமும் சாயலாம். இந்த இடத்தில் எனக்குத் தமிழ்ச் சொல்தான் உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014-ல் இதற்குச் சொன்ன பொருள், தடுப்பூசி கிடைத்தும் போட்டுக்கொள்வதைத் தள்ளிப்போடுவது அல்லது வேண்டாம் என்பது. 'வேண்டாம்' என்பதும் இதில் ஓர் ஓரமாக வருகிறது, ஆனால் தயக்கம் முழுவதும் அதுவல்ல. 'கிடைத்தும்' என்பதைக் கவனியுங்கள். ஊசியே வந்து சேராத ஊரில் போடாமல் இருப்பது தயக்கம் ஆகாது. காரணங்களையும் அந்தக் குழு மூன்றாகச் சொன்னது. நமக்கெல்லாம் வராது என்ற மெத்தனம் ஒன்று, போய்ப் போட்டுக்கொள்ள வசதிப்படாதது இன்னொன்று. மூன்றாவது நம்பிக்கைக் குறைவு, இதுதான் சிக்கலானது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியால் ஆட்டிசம் வரலாம் என்ற சந்தேகத்தை 1998-ல் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய ஒரு கட்டுரை கிளப்பிவிட்டது. அதை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை அலசி 2019-ல் வந்த ஆய்விலும் அப்படி ஒரு தொடர்பு இல்லை. ஆனால் அந்தப் பயம் மட்டும் வீட்டுக்கு வீடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, தட்டம்மையோ நூற்றில் 95 பேராவது போட்டிருந்தால்தான் அடங்கும் நோய்.

ஊசி போடும் இடத்தில் ஒரு தாய், மடியில் குழந்தை, கையில் தடுப்பூசி அட்டை. குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. "சளி இருக்கே சிஸ்டர், அடுத்த வாரம் வரட்டுமா?" என்கிறார். இதுதான் தயக்கம், இவரை மறுப்பவர் என்று எப்படிச் சொல்வது? "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணினே?" என்று அதட்டினால் அந்த அடுத்த வாரம் வராமலே போகலாம். "லேசான சளிதானேம்மா, தாராளமா போடலாம். ராத்திரி கொஞ்சம் காய்ச்சல் அடிக்கலாம், உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் பண்ணுதுன்னு அர்த்தம். ஒரு நாள், ரெண்டு நாள்ல சரியாயிடும். அதுக்கு மேல இருந்தா உடனே கூட்டிட்டு வா" என்று சொன்னால், பெரும்பாலும் அவர் குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்ட ஆரம்பித்துவிடுவார்.